எல்லா முதுகுவலியையும் எம்.எஸ். கணக்கில் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதும்போது பார்வை மங்குவது, கைகால் மரத்துப்போவது, தீராத அசதி, புதிய மருந்துகள் என்று பல விஷயங்கள் பேசப்படுகின்றன. எலும்பைப் பற்றிய பேச்சு மட்டும் அபூர்வம். ஆனால் இந்த நோயோடு பல வருடங்கள் வாழ்கிறவர் திடீரென்று படுக்கையில் விழுந்தால், முதுகில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பல நேரம் பார்ப்பதில்லை. "உங்களுக்குத்தான் எம்.எஸ். இருக்கே, முதுகு வலிக்கத்தான் செய்யும்" என்ற ஒரே வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது. வீட்டாரும் சொல்கிறார்கள், சில சமயம் மருத்துவரும் சொல்கிறார், கடைசியில் நோயாளியே தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அந்த வாக்கியத்துக்கு எதிராகத்தான் இந்தக் கடிதம்.

முதலில், எலும்பு ஏன் மெலிகிறது என்பது. எம்.எஸ். நேரடியாக எலும்பைத் தாக்கும் நோய் கிடையாது. நரம்பிழைகளின் மேலுறையான மயலினைத்தான் அது அரிக்கிறது. ஆனால் அதைச் சுற்றி வரும் எல்லாமே எலும்புக்குப் பகை. நோய் சீறும்போது 1,000 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 3 முதல் 5 நாள் வரை நரம்பு வழியாக ஏற்றுவது வழக்கம். எப்போதோ ஒருமுறை ஏற்றியதால் பெரிய சேதம் வந்துவிடாது. அடிக்கடி ஏற்றுவதும், நடுவில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை ஓடுவதும்தான் எலும்பைக் கரைக்கின்றன. நடை குறைந்தால் எலும்பின் மேல் விழும் சுமை குறையும். சுமை குறைந்த எலும்பு தன்னைத் தானே மெலிதாக்கிக்கொள்ளும். உடல் சூடானால் அறிகுறிகள் ஏறும் என்பதை உத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-லேயே பதிவு செய்திருக்கிறார். அந்தச் சூட்டுக்குப் பயந்து வெயிலைத் தவிர்க்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறைகிறது. முகநரம்பு வலிக்காகக் கார்பமாசெபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தே இருக்கிற வைட்டமின் டி-யையும் வேகமாகச் செலவழித்துவிடும். எலும்பு மெலிவு என்றால் வயதான பெண்களின் நோய் என்றொரு எண்ணம் இருக்கிறது. எம்.எஸ். உள்ளவர் 40 வயது ஆணாக இருந்தாலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது முற்றிய எலும்பு மெலிவு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் என்றால் மெலிவு தொடங்கிவிட்டது.

முள்ளெலும்பு நசுங்க மாடிப்படியில் உருண்டு விழ வேண்டும் என்பதில்லை. எம்.எஸ். உள்ளவர் நாற்காலியில் உட்காருவதைப் பக்கத்தில் இருந்து கவனித்துப் பாருங்கள். நாற்காலியை நெருங்குகிறார், ஒரு கையால் கைப்பிடியைத் தேடுகிறார், இடுப்பைத் திருப்புகிறார், முழங்கால் மெல்ல மடிகிறது. இருக்கைக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போது தொடையின் பிடி விட்டுவிடுகிறது. தொப்பென்று விழுகிறார். "உட்கார்ந்துட்டேன்" என்று சிரிக்கிறார். பார்த்தவர்களும் இதை விழுந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அந்த ஒரு சாண் வீழ்ச்சியின் அதிர்ச்சி முழுவதும் இடுப்பெலும்பிலிருந்து நேராக முதுகெலும்புக்குள் ஏறுகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை இப்படி. மார்பு முதுகெலும்பு முடிந்து இடுப்பு முதுகெலும்பு தொடங்கும் இடம், அதாவது 12-ஆவது மார்பு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும், இந்த அடியை அதிகம் வாங்குகின்றன. மேலே விலா எலும்புகளோடு பிணைந்த விறைப்பான பகுதி, கீழே வளைந்து கொடுக்கும் பகுதி. இரண்டும் சேரும் மூட்டில்தான் உடைசல் வரும். பெரும்பாலும் எலும்பின் முன்பக்கம் மட்டும் உள்வாங்கும். பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் செங்கல் போல இருக்க வேண்டியது ஆப்பு போலத் தெரியும். குனிந்த நிலையில் எதையாவது தூக்குவது, வீல்சேர் நடைபாதை விளிம்பிலிருந்து சடக்கென்று இறங்குவது, குனிந்தபடி பலமாகத் தும்முவது ஆகியவையும் மெலிந்த எலும்புக்குப் போதும்.

இனி வலியைப் பற்றி. எம்.எஸ். ஹக் என்று ஒன்று இருக்கிறது. மார்பையோ வயிற்றையோ சுற்றி யாரோ பெல்ட் போட்டு இறுக்குவது போன்ற உணர்வு அது. நசுங்கிய முள்ளெலும்பும் விலாவைச் சுற்றி முன்பக்கம் வரை வலியை அனுப்பும். இரண்டும் குழம்புவது இங்கேதான். பிரித்துப் பார்க்க ஒரு நடைமுறை வழி இருக்கிறது. எம்.எஸ். ஹக் பொதுவாகச் சூட்டுக்கும் அசதிக்கும் மன அழுத்தத்துக்கும் ஏறி இறங்கும். படுத்தாலும் நின்றாலும் பெரிய மாற்றம் இருக்காது. முறிந்த எலும்பு உடல் நிலைக்குப் பதில் சொல்லும். நிற்கும்போதும் உட்காரும்போதும் குத்தும், படுத்தால் தணியும், படுக்கையில் புரளும் அந்த நொடியில் கத்தியால் கீறியது போல இருக்கும், இருமினால் உயிர் போகும். முதுகின் நடுக்கோட்டில் ஒவ்வொரு எலும்பாக விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தால் ஒரே ஒரு இடத்தில் துள்ளுவார். இது வீட்டிலேயே பார்க்கக்கூடியது. ஆனால் துள்ளவில்லை என்பதால் முறிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இடுப்புக்குக் கீழே உணர்வு குறைந்தவர்களுக்கு வலி வலியாகத் தெரியாமலே போகலாம். அவர்களுக்குக் கால் இறுக்கம் திடீரென்று கூடும். இரவில் தொடை வெட்டி வெட்டி இழுக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் என உடலில் எங்கே உபாதை இருந்தாலும் இறுக்கம் ஏறும். அந்தப் பட்டியலில் முறிந்த முள்ளெலும்பையும் சேர்த்துத் தேட வேண்டும். இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தின் அளவை உயர்த்துவதற்கு முன் தேட வேண்டும்.

வலியே இல்லாமல் நசுங்கும் எலும்புகளும் உண்டு. அவற்றின் எண்ணிக்கை குறைவும் இல்லை. அதற்கு அளவுநாடாவே சாட்சி. இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, ஒரே வருடத்தில் 2 செ.மீ. குறைந்திருந்தாலோ எக்ஸ்-ரே எடுக்கக் காரணம் இருக்கிறது. குதிகாலும் முதுகும் சுவரை ஒட்டி நிற்க முடிகிறவருக்குப் பின்தலையும் சுவரைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால், அல்லது கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையவில்லையென்றால், மேல்முதுகு கூன் விழுந்து உடல் குறுகியிருக்கலாம். நிற்க முடியாதவருக்குச் சட்டையின் முன்பக்கம் நீண்டு தொங்குவதும், வீல்சேரில் வயிறு புதிதாக முன்தள்ளி மூச்சு சிறுத்திருப்பதும் அடையாளங்கள்.

"போன மாதம்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தோமே" என்று பலரும் நிம்மதியாக இருப்பார்கள். எம்.எஸ். நோய்க்காக எடுக்கும் எம்.ஆர்.ஐ. வழக்கமாக மூளையையும், கூடினால் கழுத்துத் தண்டுவடத்தையும் காட்டும். முறிவு வரும் நடுமுதுகும் கீழ்முதுகும் அந்தப் படத்தில் இருக்காது. கேட்க வேண்டியது நடுமுதுகுக்கும் கீழ்முதுகுக்குமான பக்கவாட்டு எக்ஸ்-ரே. அதில் நசுங்கல் தெரிந்து, அது புதியதா பழையதா என்று புரியவில்லையென்றால் அந்தப் பகுதிக்கு, எலும்புக்குள் கோத்த நீரைத் தனியாகக் காட்டும் ஸ்டிர் என்ற பட வரிசையோடு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். புதிய முறிவில் எலும்புக்குள் நீர் கோத்து வெள்ளையாக மின்னும்.

எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முதுகுவலியோடு சேர்ந்து கால்கள் புதிதாகத் தளர்ந்தாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, மலம் தெரியாமல் கழிந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை எல்லாமே எம்.எஸ். சீற்றத்திலும் வருகிறவை என்பதுதான் ஆபத்து. நொறுங்கிய எலும்புத் துண்டு தண்டுவடத்தையோ நரம்புக் கற்றையையோ அழுத்திக்கொண்டிருக்க, "ரிலாப்ஸ்", அதாவது எம்.எஸ். சீற்றம், என்று பெயர் வைத்து ஸ்டீராய்டு ஏற்றினால் நேரமும் போகும், எலும்பும் இன்னும் மெலியும். வலி முதுகில் தொடங்கியது, பிறகு கால் தளர்ந்தது என்ற வரிசையை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். அந்த வரிசையே பாதி நோயறிதல். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; எலும்பு நசுங்கக் கிருமித்தொற்றும் கட்டியும்கூடக் காரணமாகலாம்.

முறிவு உறுதியானபின் வரும் முதல் வாரங்கள் கடினமானவை. எலும்பு ஆற 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை படுக்கையே கதி என்று கிடந்தால், எம்.எஸ். உள்ளவர் இழக்கும் தசைபலத்தைத் திரும்பப் பெறுவது மற்றவர்களைவிடக் கடினம். ஓரிரு நாள் படுக்கை, பிறகு சிறிது சிறிதாக எழுந்திருப்பது, நடுவில் மணிக்கொரு தரம் 15, 20 நிமிடம் படுத்து முதுகின் சுமையை இறக்குவது என்பதே பொருந்தி வரும்.

படுக்கையிலிருந்து எழுவதில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிர்ந்து எழுந்தால் முன்பக்க எலும்பு மறுபடி நசுங்கும். மரக்கட்டை உருள்வது போல உருள வேண்டும். முதலில் ஒரு முழங்காலை மடக்கி, பிறகு மற்றதை மடக்க வேண்டும். கால் விறைத்துக்கொண்டால் உதவுகிறவர் முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தூக்கலாம். பாதத்தைப் பிடித்து இழுத்தால் வெட்டு இன்னும் அதிகமாகும். பிறகு தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். இடுப்பு முன்னே போய்த் தோள் பின்தங்கினால் முதுகு முறுக்கிக்கொள்ளும். கட்டில் விளிம்பை அடைந்ததும் கால்களைக் கீழே விட்டுக்கொண்டே, கீழ்ப்பக்க முழங்கையாலும் மேல்பக்க உள்ளங்கையாலும் மெத்தையை அழுத்தி எழ வேண்டும். கால் தொங்கும் நேரத்தில் தொடை வெட்டி இழுக்கலாம். அது அடங்கும்வரை காத்திருங்கள், எதிர்த்துத் தள்ள வேண்டாம். உட்கார்ந்தபின் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு நில்லுங்கள், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். இருமல் வருவது தெரிந்தால் முதுகை நிமிர்த்தி, ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். சுயமாகச் சிறுநீர்க் குழாய் போடுகிறவர்கள் குனிந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, சாய்ந்த நிலையில் கண்ணாடி வைத்துச் செய்யப் பழகலாம்.

வலிமாத்திரை விஷயத்தில் எம்.எஸ். உள்ளவருக்குத் தனிக் கணக்குகள் இருக்கின்றன. பாராசிட்டமால் முதல் தேர்வு. ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம், நாள் முழுவதும் எல்லா மாத்திரைகளையும் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. முதியவர், எடை குறைந்தவர், ஈரல் கோளாறு உள்ளவர் என்றால் அதைவிடக் குறைவு. ஓபியாய்டு என்ற வலுவான வலிமருந்து வகையைச் சேர்ந்த டிராமடோல் கொடுத்தால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நடைக்காக ஃபாம்பிரிடின் சாப்பிடுகிறாரா? இரண்டும் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. மனச்சோர்வுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை ஓடுகிறதா? டிராமடோலோடு அது ஒத்துப்போகாமல் நடுக்கம், பதற்றம், காய்ச்சல் வரலாம். ஏற்கெனவே மலச்சிக்கலும் சிறுநீர் தேங்கலும் இருக்கிறதா? ஓபியாய்டு வகை எல்லாமே அவற்றை மோசமாக்கும். அதனால் மலமிளக்கியை முதல் மாத்திரையோடு அன்றே தொடங்க வேண்டும். முக்கினால் முதுகுதான் அடி வாங்கும். இந்த மாத்திரைகளின் தூக்கக் கலக்கத்தில் இரவு எழுந்து விழுகிறவர்களையும் மறந்துவிடக் கூடாது.

முதுகு பெல்ட் சிலருக்கு நிம்மதி தரும். எழுந்து நடமாடும்போது மட்டும், 6 முதல் 8 வாரம் வரை. அதற்கு மேல் போட்டால் முதுகுத்தசை தளரும். விறைப்பான பெல்ட் உடல்சூட்டை உள்ளே தேக்கும், எம்.எஸ். உள்ளவருக்கு அரை மணி நேரத்தில் கால் கனத்து பார்வை மங்கினால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன், நிறுத்தி நிறுத்திப் போடுவது, அறையைக் குளிர்ச்சியாக வைப்பது ஆகியவை உதவும். உணர்வு குறைந்த இடத்தில் பெல்ட் உரசினால் தெரியாது. காலையும் மாலையும் தோலைப் பாருங்கள். அழுத்தம் எடுத்தபின்னும் சிவப்பு மறையாத இடம் புண்ணாகப் போகிற இடம்.

எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் வெர்ட்டிப்ரோபிளாஸ்டியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1980-களில் பிரான்ஸில் தொடங்கிய முறை அது. ஊசி போட்டது போல நடித்துச் சிமெண்ட் செலுத்தாமல் விட்ட குழுவோடு ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகள் 2009-இல் வெளியாயின. இரண்டிலும் சிமெண்ட் குழு பெரிதாக முந்தவில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே அதற்கு ஓட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மாத்திரையும் பயிற்சியும் போதாமல் வாரக்கணக்கில் படுத்த படுக்கையாகவே கிடக்கிறவருக்கு, எம்.ஆர்.ஐ.யில் எலும்பு இன்னும் மின்னுகிறது என்றால், நிபுணரோடு உட்கார்ந்து பேசலாம்.

உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 1984-இல் சினாகி, மிக்கெல்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில் எலும்பு மெலிந்த பெண்களில் முன்குனியும் பயிற்சி செய்த குழுவில் 89 விழுக்காட்டினருக்கும், பின்னோக்கி நிமிரும் பயிற்சி செய்த குழுவில் 16 விழுக்காட்டினருக்கும் புதிய நசுங்கல் வந்திருந்தது. 59 பேர் மட்டும் இருந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் திசை தெளிவு. எம்.எஸ். உள்ளவருக்குக் கால் இறுக்கத்தைத் தளர்த்த, காலை நீட்டி உட்கார்ந்து கால்விரலைத் தொடச் சொல்வது நெடுநாள் பழக்கம். முறிவு வந்தபின் அதை நிறுத்த வேண்டும். அதே தொடைப் பின்தசையை மல்லாந்து படுத்து, பாதத்தில் ஒரு பட்டையை மாட்டி, காலை மேலே உயர்த்தி 30 விநாடி பிடித்தும் தளர்த்தலாம். முதுகு மெத்தையை விட்டு எழாது. வயிற்றுத் தசைக்காகத் தலையைத் தூக்கி எழும் பயிற்சியும் வேண்டாம். தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து 5 எண்ணும்வரை பிடிப்பது, உட்கார்ந்தபடி தாடையை உள்ளிழுத்துத் தலையைப் பின்னால் அழுத்துவது போன்றவற்றில் தொடங்கி, வலி குறையக் குறைய ஏற்றிக்கொண்டு போகலாம். காலை வேளையில், அசதி ஏறுவதற்கு முன்.

மறுபடி நாற்காலிக்கே வருகிறோம். ஏனென்றால் அடுத்த முறிவைத் தடுப்பது அங்கேதான் தொடங்குகிறது. ஒரு முள்ளெலும்பு நசுங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று நசுங்குகிறது. இருக்கையின் உயரம் முழங்கால் மடிப்பின் உயரத்தைவிட 5 செ.மீ. வரை கூட இருந்தால் இறங்க வேண்டிய தூரம் குறையும், தொடையின் வேலையும் குறையும். மெத்தென்ற சோபா எம்.எஸ். உள்ளவருக்கு எதிரி, அதில் இறங்குவதும் கட்டுப்பாடு இல்லாமல், எழுவதும் குனிந்து. உறுதியான இருக்கை, இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத நாற்காலிக்கால் வேண்டும். நாற்காலியை நெருங்கியதும் ஒரே காலில் சுழலாமல், கடிகார முள் நகர்வது போலச் சிறு எட்டுகள் வைத்துத் திரும்புங்கள். இரண்டு கெண்டைக்காலும் இருக்கையின் விளிம்பைத் தொடுகிறதா என்று உணருங்கள். உணர்வு இல்லாதவர் கண்ணால் பார்த்து உறுதி செய்யட்டும். இரு கையும் கைப்பிடியைப் பற்றியபின், முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். மூன்றிலேயே விழுந்துவிட்டால் இருக்கையை இன்னும் உயர்த்த வேண்டும் என்று அர்த்தம். கழிப்பறை இருக்கையின் மேல்பரப்பு தரையிலிருந்து 43 முதல் 48 செ.மீ. வரை இருப்பது பொதுவாகப் பொருந்தும். அதற்குமேல் மாட்டும் உயர்த்தி, திருகி இறுக்கும் வகையாக இருக்கட்டும். வெறுமனே வைத்தது பக்கவாட்டில் நழுவும். வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு எம்பிக் குதித்து மாறுகிறவர்கள், இடையில் வைத்துச் சறுக்கி நகரும் வழுக்குப் பலகைக்கு மாறினால் முதுகுக்கு அடி இல்லை.

விழுதலைப் பற்றி. எந்த மூன்று மாதத்தை எடுத்தாலும் எம்.எஸ். உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒருமுறையாவது விழுகிறார்கள். பெரும்பாலும் வீட்டுக்குள், பழகிய இடத்தில், திரும்பும்போதும் இடம் மாறும்போதும். கையில் ஒரு டம்ளரோடு பேசிக்கொண்டே நடக்கும்போது கால் தடுக்குகிறது. அதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் மூளைக்கு இரண்டாவது வேலை கொடுத்தால் நடை கெடும். நடக்கிறவரிடம் கேள்வி கேட்காமல் இருப்பது வீட்டார் செய்யக்கூடிய செலவில்லாத உதவி.

பாதம் தொங்கும் நோயாளிக்கு வழுக்காத தடித்த ரப்பர் அடிச்செருப்பு நல்லது என்று வாங்கித் தருவார்கள். அதன் நுனிதான் தரையில் ஒட்டிக்கொண்டு ஆளை முன்னே தள்ளுகிறது. குதியில் பிடிமானமும் நுனியில் மெல்லிய, சற்றே மேல்வளைந்த அடியும் உள்ள, பின்பட்டை கொண்ட காலணி தேவை; கூடவே கணுக்காலைத் தாங்கும் ஏ.எஃப்.ஓ. பற்றிப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். கைத்தடியின் உயரம் நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். தடி பலவீனமான காலுக்கு எதிர்க்கையில். அடியிலுள்ள ரப்பர் குப்பி தேய்ந்து வரி மறைந்தால் அன்றே மாற்றுங்கள். தாழ்வான வாக்கரில் கூனி நடப்பது நசுங்கிய முதுகுக்கு நாள் முழுவதும் தண்டனை.

இரவு நேரச் சிறுநீர் ஓட்டம் விழுதலுக்குப் பெரிய காரணம். அவசரம், இருட்டு, தூக்கக் கலக்கம், இறுகிய கால் நான்கும் சேர்ந்துவிடுகின்றன. கட்டிலருகே சிறுநீர்க் குவளையோ நாற்காலிக் கமோடோ வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அசைவுக்குத் தானாக எரியும் விளக்கைக் கட்டிலிலிருந்து கழிப்பறைவரை முழங்கால் உயரத்தில் பொருத்துங்கள். கால் உணர்விழந்தவர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். இருட்டில் அவருக்கு இரண்டு கால்களும் இல்லாதது போல. குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து நிற்கவே கூடாது. 32 முதல் 38 மி.மீ. விட்டமுள்ள கைப்பிடிக் கம்பியை, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் 38 மி.மீ. இடைவெளி விட்டு, 110 கிலோவுக்கு மேல் இழுத்தாலும் பிடுங்காத அளவுக்கு உறுதியான சுவரில் பொருத்த வேண்டும். இடைவெளி அதிகமானால் கை நழுவி உள்ளே சிக்கும். வெந்நீர்க் குளியல் வேண்டாம், உட்கார்ந்து குளியுங்கள்.

பேக்லோஃபென் பற்றி ஓர் எச்சரிக்கை. சிலருக்கு அந்த இறுக்கம்தான் காலை ஊன்றி நிற்க வைக்கிறது. அளவை ஏற்றிய வாரத்தில் முழங்கால் மடங்கி விழத் தொடங்கினால் மருந்தைச் சந்தேகித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தானாகச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம்.

விழுந்துவிட்டால் ஓடிவருகிறவர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதைத்தான் முதலில் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். தலையில் அடியா, முதுகில் புதிய வலியா, கால் புதிதாக அசையவில்லையா என்று கேளுங்கள். ஒன்று இருந்தாலும் அசைக்காமல் ஆம்புலன்ஸ். எதுவும் இல்லையென்றால், இரண்டு நாற்காலிகளைக் கொண்டு வாருங்கள். அவர் பக்கவாட்டில் உருண்டு, முழங்கையில் ஊன்றி, தவழும் நிலைக்கு வரட்டும். முன்னால் ஒரு நாற்காலி, அதன் இருக்கையில் இரு கையும். பலமான காலின் பாதத்தைத் தரையில் வைத்து அவர் அழுத்தி எழும்போது, இரண்டாவது நாற்காலியைப் பின்னால் நகர்த்தி வையுங்கள். தூக்குகிற வேலை அவருடையது, நாற்காலி நகர்த்துகிற வேலை உங்களுடையது. தவழவே முடியாதவருக்குத் தலைக்கு அணையும் உடலுக்குப் போர்வையும் கொடுத்து, பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, ஆள் பலம் வரும்வரை காத்திருங்கள். தனியாக இருப்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் தோலும் தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆகவே கைப்பேசி மேஜை மேல் இருந்து பயனில்லை. கழுத்தில் தொங்க வேண்டும், குளியலறையிலும்.

எலும்பைக் கெட்டிப்படுத்தும் மருந்து இல்லாமல் இவ்வளவும் பாதி வேலைதான். வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மலிவானது, நல்லது. ஆனால் வெறும் வயிற்றில், முழுக் குவளை நீரோடு விழுங்கி, 30 நிமிடம் நிமிர்ந்து உட்கார வேண்டும். விழுங்குவதில் தடுமாற்றம் உள்ள எம்.எஸ். நோயாளிக்கும் நிமிர்ந்து உட்கார முடியாத நோயாளிக்கும் அது உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அவர்களுக்கு வருடம் ஒருமுறை 5 மில்லிகிராம் சோலெட்ரோனிக் அமிலம் ஏற்றலாம், சிறுநீரகமும் வைட்டமின் டி-யும் சரியாக இருந்தால். முதல் முறை ஏற்றியபின் மூன்று நாள்வரை காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். அந்தச் சூட்டில் கால் விழும், பார்வை மங்கும். நோய் சீறிவிட்டதாகப் பயந்து ஓட வேண்டாம். முன்கூட்டியே பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், உதவிக்கு ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்துகொண்டு அந்த நாட்களில் நடையைக் குறையுங்கள். இன்னொரு எலும்பு மருந்தான ராலாக்ஸிஃபென் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால் அதிகம் நடமாடாதவர்களுக்கு ஏற்றதல்ல. எந்த மருந்தானாலும் பல் பிடுங்கும் வேலை பாக்கி இருந்தால் முதலில் முடித்துவிடுங்கள்; உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் 60 மில்லிகிராம் டெனோசுமாப் ஊசியைத் தேர்ந்தெடுத்தவர்கள், அடுத்த ஊசியின் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வைக்க வேண்டும். ஏழாவது மாதத்தைத் தாண்டினால் அதுவரை அடக்கி வைத்த எலும்புத் தேய்வு ஒரேயடியாகத் திரும்பி, அடுத்தடுத்துப் பல முள்ளெலும்புகள் நசுங்கலாம். நரம்பு மருத்துவர், எலும்பு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் என்று மூன்று கோப்புகளில் நோயாளி பிரிந்து கிடப்பதால்தான் இந்தத் தேதி தவறுகிறது. எம்.எஸ். கோப்பின் முதல் பக்கத்தில் நான்கு வரிகள் இருக்கட்டும்: எந்த முள்ளெலும்பு எப்போது நசுங்கியது, கடைசி டெக்ஸாவின் தேதியும் டி-ஸ்கோரும், இன்றைய உயரம், அடுத்த எலும்பு ஊசியின் தேதி. அடுத்த முறை ஸ்டீராய்டு எழுதப் பேனாவை எடுக்கிற மருத்துவரின் கண்ணில் அந்தப் பக்கம்தான் முதலில் பட வேண்டும்.

இப்படிக்கு,
நரம்பு நோயாளிகளின் இயன்முறைச் சிகிச்சையிலும் வீட்டுப் பராமரிப்பிலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள்